விடைப் பக்கம் இல்லாத புத்தகம்

விடையைத் திரும்பவும் கேள்விக்குள்ளேயே போட்டுப் பார்த்தால் என்ன? இது எனக்குத் தோன்றியது ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில், பனியன் கம்பெனியின் கட்டிங் மேஜை ஓரத்தில், மேஸ்திரி தராசு பிடித்துக்கொண்டிருந்தபோது.

காலையில் எங்கள் மேஜைக்கு அவர் நிறுத்துக் கொடுத்த துணி பதினெட்டு கிலோ. அதே பதினெட்டு கிலோவுக்கு எடைக்கற்களை ஒரு தட்டில் வைத்தார். நாங்கள் வெட்டிய துண்டுகளை மறு தட்டில் அடுக்கினார். தட்டு இறங்கவில்லை. மேஜைக்கு அடியில் குனிந்து, கழுத்துக்கும் கைக்கும் வெட்டியதில் விழுந்து கிடந்த கழிவை எல்லாம் வாரி அதன்மேல் போட்டார். இரண்டு தட்டும் நேருக்கு நேர் வந்து நின்றன. "செரிங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த மேஜைக்குப் போய்விட்டார். எப்படி வெட்டினோம், எதை முதலில் வெட்டினோம் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவருக்கு அது தேவையே இல்லை. வந்ததைத் திரும்பச் சேர்த்தார், கொடுத்தது கிடைத்தது. முடிந்தது.

அடுத்துப் பரப்பத் தொடங்கியிருந்த துணியின் முனை என் கையிலிருந்து நழுவி விழுந்தது.

"ஏனுங்க, நின்னுட்டே தூங்கறீங்களா? துணியப் புடிங்க" என்றார் மேஜையின் மறுமுனையில் நின்றவர்.

அவர் பெருமாநல்லூரிலிருந்து தினமும் சைக்கிளில் வருகிறவர். என்னைவிட நான்கு வயது மூத்தவர். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டவர். கட்டிங் மேஜைக்கு இரண்டு பேர் வேண்டும். துணியை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து, இழுத்து, அடுக்கடுக்காகப் பரப்பவேண்டும். நானும் அவரும் ஒன்றரை வருஷமாக ஒரே துணியின் இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம். நடுவே பன்னிரண்டு அடி மேஜை. அதைத் தாண்டி எங்களுக்குள் போய்வந்த பேச்சு, "இழுங்க", "உடுங்க", "சுருக்கம் உழுந்துருச்சு" என்பதற்கு மேல் அதிகமில்லை. அவருக்குப் பேச ஆட்கள் இருந்தார்கள். எனக்குக் கணக்கு இருந்தது.

நான் பள்ளி இறுதியான பதினொன்றாம் வகுப்புப் பரீட்சையில் கணக்கிலும் விஞ்ஞானத்திலும் தவறியவன். ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை. இதில் வேடிக்கை, வகுப்பில் முதலில் கையைத் தூக்குகிறவன் நான்தான். மற்றவர்கள் கேள்வியை எழுதி முடிப்பதற்குள் நான் விடைக்குக் கீழே இரட்டைக் கோடு போட்டிருப்பேன். அப்படிப்பட்டவன் எப்படித் தவறினான் என்று சேவூரில் அப்பாவைப் பார்த்தவர்கள் எல்லாம் கேட்டார்கள். அப்பா என்னைக் கேட்டார். நான் யாரைக் கேட்பது? மார்க் வரும். எந்த வரியில் சறுக்கினாய் என்று யாரும் எழுதி அனுப்புவதில்லை.

அப்பாவும் அம்மாவும் சேவூரில் விவசாயக் காட்டு வேலையில் இருக்க, நான் கம்பெனிக்குப் பக்கத்தில் ராயபுரத்தில் ஓர் அறை எடுத்துக்கொண்டு வேலையில் சேர்ந்தேன். அடுத்த வருஷம் பாடத்திட்டம் மாறுகிறது. பழைய பாடத்தில் எழுதுகிறவர்களுக்கு வருகிற பரீட்சைதான் கடைசி. தேறினால் கோயம்புத்தூரில் பாலிடெக்னிக்குக்கு எழுதிப்போடலாம். தேறாவிட்டால் புதுப் பாடத்தை முதல் எழுத்திலிருந்து ஆரம்பிக்கவேண்டும். அதைச் சொல்லித்தர எனக்கு யாரும் கிடையாது. அப்புறம் துணி முனைதான்.

தனியாகப் படிப்பதில் எனக்கு இன்னொரு சங்கடம் இருந்தது. எங்கள் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார், வருஷத் தொடக்கத்தில் புதுப் புத்தகம் வாங்கிப் போனதும் எல்லாரையும் வரிசையில் நிறுத்தி, ஒவ்வொரு புத்தகத்தின் கடைசியிலும் இருக்கும் விடைப் பக்கங்களை அடிக்கோலால் அழுத்திப் பிடித்து நேர்த்தியாகக் கிழித்துத் தம் மேஜை இழுப்பறையில் பூட்டிவைத்துவிடுவார். விடையைப் பார்த்துக்கொண்டு கணக்கைப் பின்பக்கமாக ஓட்டுகிறோமாம். வகுப்பில் இருந்தவரை அது ஒரு குறையாகத் தெரியவில்லை. நோட்டை நீட்டினால் அவர் சரி, தப்பு என்று சொல்லிவிடுவார். அவர் மாற்றலாகி எங்கோ போனார். எங்கள் விடைகளும் அவரோடு போயின. என்னிடம் இருப்பது முந்நூற்றுச் சொச்சம் கேள்விகள். ஒன்றுக்கும் பதில் கிடையாது.

கோயம்புத்தூரில் காலேஜில் பி.யு.சி. சேர்ந்திருந்த பள்ளித் தோழனுக்கு முதலில் கடிதம் எழுதினேன். பத்துக் கேள்விகளையும் என் விடைகளையும் எழுதி, சரியா தப்பா என்று மட்டும் குறித்து அனுப்பு என்று கேட்டேன். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. ஹாஸ்டல் சாப்பாடு, ஒரு கிரிக்கெட் மாட்ச், புதுச் செருப்பு. என் பத்துக் கணக்கைப் பற்றி ஒரு வரி இல்லை. லீவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராயபுரத்தில் எதிரே வந்தான்.

"கணக்கு என்னாச்சுடா?" என்றேன்.

"எந்தக் கணக்கு?"

"எழுதியிருந்தனே, பத்து."

"அட, அதுங்களா வாத்தியாரே!" என்று தோளில் தட்டினான். "அதெல்லாம் மறந்தே போச்சுடா. இப்ப எங்களுக்கு வேற கணக்கு. நீ இன்னும் அந்த ரயிலு, தண்ணித் தொட்டியிலயேதான் கெடக்கறயா?"

சிரித்தேன். அவனும் சிரித்தான். பஸ் வந்தது, ஏறிக்கொண்டான். அதற்குப் பிறகு நான் யாருக்கும் எழுதவில்லை.

ஆகவே அந்தச் செவ்வாய்க்கிழமை மேஸ்திரியின் தராசு எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் விளக்க வேண்டியதில்லை. எனக்கு விடைப் பக்கமே வேண்டாம்! விடையைத் திரும்ப உள்ளே போட்டால் கேள்வியே பதில் சொல்லிவிடும். வாத்தியார் இதை வகுப்பில் சொல்லியிருப்பார், நிச்சயம் சொல்லியிருப்பார். 'சரிபார்த்தல்' என்று ஒரு சொல் நோட்டில்கூட இருக்கிறது. ஆனால் அப்போது நான் அதற்குள் அடுத்த கணக்குக்குப் போயிருப்பேன்.

அது மின்வெட்டுக் காலம். காலை பத்து மணிக்குக் கரண்ட் போனால் பன்னிரண்டுக்குத்தான் வரும். ஓவர்லாக் மெஷின்கள் நின்றுவிட்டால் தைப்பது நிற்கும். தைப்பது நின்றால் வெட்டிக் குவித்து என்ன பயன் என்று எங்களையும் நிறுத்திவிடுவார்கள். எல்லாரும் டீக்கடைக்கோ வேப்பமரத்து நிழலுக்கோ போவார்கள். நான் மேஜைமேல் ஏறி உட்கார்ந்து, துணியில் குறி போடும் சாக்பீஸால் மேஜைப் பலகையிலேயே கணக்குப் போடுவேன். மெஷின் சத்தம் நின்ற கம்பெனியில் ஒருவன் மட்டும் இருந்தால், சாக்பீஸ் சத்தம் எவ்வளவு பெரிதாகக் கேட்கும் தெரியுமா?

அன்று முதலில் எடுத்தது சைக்கிள் கணக்கு. ஒருவன் 36 கிலோமீட்டர் போகிறான். மணிக்கு 3 கிலோமீட்டர் கூடுதல் வேகத்தில் போயிருந்தால் ஒரு மணி நேரம் முன்னதாகப் போய்ச் சேர்ந்திருப்பான். அவன் வேகம் என்ன? வேகத்தை x என்று வைத்தேன். 36-ஐ x-ஆல் வகுத்தால் அவன் எடுத்துக்கொண்ட நேரம். 36-ஐ x + 3-ஆல் வகுத்தால் வேகமாகப் போயிருந்தால் ஆகும் நேரம். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் ஒன்று. பெருக்கி, விரித்து, ஒரு பக்கம் கொண்டுவந்தால் x² + 3x – 108 = 0. இரண்டு காரணிகள்: x – 9, x + 12. ஆக x என்பது 9, அல்லது கழித்தல் 12.

ஒன்பதைத் திரும்ப உள்ளே போட்டேன். 36-ல் 9, நாலு மணி. 36-ல் 12, மூன்று மணி. நாலில் மூன்று போக ஒன்று. தட்டு நேராக நின்றது! யாருமில்லாத கம்பெனியில் "செரிங்க!" என்று மேஸ்திரி குரலில் சத்தமாகச் சொன்னேன்.

சும்மா இருந்திருக்கலாம். கழித்தல் 12-ஐயும் போட்டுப் பார்த்தேன். 36-ஐ அதால் வகுத்தால் கழித்தல் 3. மூன்றைக் கூட்டினால் கழித்தல் 9. அதால் வகுத்தால் கழித்தல் 4. கழித்தல் 3-லிருந்து கழித்தல் 4-ஐ எடுத்தால் ஒன்று. அதுவும் சரி. சைக்கிள் பின்பக்கமாக ஓடாது என்று எனக்குத் தெரியும், சமன்பாட்டுக்குத் தெரியவில்லை. விடையை அடித்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போனேன். ஆனால் உள்ளே ஒரு சின்ன முள் தங்கிவிட்டது.

அடுத்த இரண்டு மாதம் நான் இருந்த வேகம்! நூற்றுப் பத்துக் கணக்கு. ஒவ்வொன்றையும் போட்டு, திருப்பிப் போட்டு, நேராக நின்றால் ஓரத்தில் ஒரு டிக். டிக் போட எனக்கு நானே வாத்தியார். அறைக்குப் போனாலும் அதே நினைவுதான். ஒருநாள் அறையில் சோறு பொங்கும்போது, இரண்டு வாரமாக வேலையைத் தவிர வேறு எதற்கும் நான் வாய் திறக்கவில்லை என்று கணக்குப் போட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அதையும் சரிபார்த்தேன். சரியாகவே வந்தது.

விஞ்ஞானத்தில் நீரின் எடை, மிதப்பு என்ற பாடத்துக்கு வந்தபோது அந்த முள் மறுபடி குத்தியது. சமன்பாட்டைக் கேட்பதைவிடப் பொருளையே கேட்டுவிட்டால் என்ன? நீர் ஒரு கன சென்டிமீட்டருக்கு ஒரு கிராம். ஒரு டின் எடுத்து, அளந்து, எவ்வளவு நீர் பிடிக்கும் என்று முதலில் கணக்கில் சொல்லிவிட்டு, அப்புறம் நிறுத்து ஊற்றவேண்டும். தண்ணீர் டின்னின் விளிம்பில் வந்து நின்றால் அதைவிடப் பெரிய டிக் எது?

மெஷின் எண்ணெய் வந்த காலி டின் ஒன்றைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். வாய்க்குக் குறுக்கே ஸ்கேலை வைத்தேன், 7 சென்டிமீட்டர். உயரம் 10. மேஜையில் சாக்பீஸால் விறுவிறுவென்று எழுதினேன்.

சுற்றளவு 2 × 7 = 14.
ஆரம் 14 ÷ (2 × 22/7) = 49/22.
வாயின் பரப்பு 22/7 × 49/22 × 49/22 = 343/22.
கொள்ளளவு 3430/22, ஏறக்குறைய 156.
நீரின் எடை 156 கிராம்.

பின்பக்கமாகவும் ஓட்டிப் பார்த்தேன். 156-லிருந்து ஏறிப் போனால் ஆரம் கிடைத்தது, சுற்றளவு 14 கிடைத்தது, 7 கிடைத்தது. டிக்.

சாம்பிள் துண்டு நிறுக்கும் சின்னத் தராசைக் கேட்டு வாங்கினேன். கரண்ட் போன நேரம். அன்று மழைத் தூறல். அதனால் எல்லாரும் உள்ளேயே இருந்தார்கள். தராசையும் சொம்பையும் கண்டதும் ஒரு கூட்டம் சேர்ந்துவிட்டது.

"என்னுங்க, சர்பத்துக் கடையா?"

"பரீட்சைங்க" என்றேன்.

"யாருக்கு? டின்னுக்கா?"

நூறு, ஐம்பது, ஐந்து என்று கல் வைத்தேன். ஒரு கிராம் கல் இல்லை. கண்திட்டத்தில் ஓர் இருபது சொட்டுச் சேர்த்தேன். எல்லாரையும் பார்த்து, "இப்ப இந்தத் தண்ணி சொட்டுக் கூடாம, சொட்டுக் கொறையாம டின்னு வாயில வந்து நிக்கும், பாருங்க" என்று அறிவித்துவிட்டு ஊற்றினேன்.

பாதிகூட வரவில்லை. டின்னின் அடியில் நாலு சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் அமைதியாக நின்றது.

"தண்ணி கூச்சப்படுதாட்ட இருக்குது" என்றார் ஒருவர். "நெம்ப நல்லாப் படிச்சிருக்குது" என்றார் இன்னொருவர். தராசை மறுபடி பார்த்தேன். சரி. மேஜையில் எழுதியதைப் பார்த்தேன். இரண்டாவது வரி சரி, மூன்றாவது சரி, நாலாவது சரி. மறுமுனைக்காரர் தம் இடத்தை விட்டு மேஜையைச் சுற்றி வந்து, டின்னுக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு டின்னை வெளியே இரண்டு விரலால் தட்டினார்.

"ஏனுங்க, இந்த டின்ன மடிச்சு மேஜை மேல போட்டு அளந்தீங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். அவர் சும்மா கிண்டலுக்குத்தான் சொன்னார். எனக்கு மட்டும் தூக்கிவாரிப் போட்டது.

பனியன் துணி குழாயாக வரும். எங்கள் மேஜைமேல் அது என்றைக்கும் உருண்டு நின்றதில்லை. மடிந்து, தட்டையாகத்தான் கிடக்கும். குறுக்கே நாற்பது சென்டிமீட்டர் என்றால், மேலே நாற்பது, கீழே நாற்பது, சுற்றளவு எண்பது. அது எண்பதாம் நம்பர் பனியன். எந்தக் குழாயைப் பார்த்தாலும் குறுக்களவை இரண்டால் பெருக்குவது எங்கள் கைக்கே பழக்கம். ஒரு நாளைக்கு ஐம்பது தடவை பெருக்குகிறேன். டின்னையும் பெருக்கிவிட்டேன். மடியாத டின்னின் வாயில் 7 என்பது விட்டம். சுற்றளவு 14 இல்லை, 22. பரப்பு முப்பத்தெட்டரை. பிடிக்கும் நீர் 385 கிராம். மிச்சத்தை நிறுத்து ஊற்றினேன். விளிம்புக்கு வந்தது. அதைப் பார்க்க அங்கே யாரும் நிற்கவில்லை. தூறல் நின்றதும் எல்லாரும் டீக்குப் போய்விட்டார்கள்.

அன்று பொழுது இறங்கும்வரை நோட்டைப் புரட்டினேன். உருளை, குழாய், தொட்டி என்று வந்த பதினாலு கணக்கில் ஐந்தில் நான் இரண்டால் பெருக்கியிருந்தேன். புத்தகத்தில் குழாயைப் பக்கவாட்டில் வரைந்து, குறுக்கே ஓர் அம்புக்குறி போட்டு 7 என்று எழுதியிருப்பார்கள். என் கண்ணுக்கு அது மேஜையில் கிடக்கும் துணி. ஐந்திலும் டிக் இருந்தது. திருப்பிப் போட்டபோதெல்லாம் நான் கீழேயிருந்து மேலே ஏறி, முதல் வரியைத் தொட்டவுடன் நின்றிருக்கிறேன். முதல் வரிக்கு மேலே போனதே இல்லை. முதல் வரி கணக்கே அல்ல. அது நான் அந்தப் பொருளைப் பார்த்த பார்வை. அதை நானே எத்தனை தடவை சரிபார்த்தாலும் அதே கண்தானே பார்க்கப்போகிறது?

போன பரீட்சைகளிலும் இப்படித்தான் போயிற்றா என்று எனக்குத் தெரியாது. இனித் தெரியவும் வழியில்லை. அந்தத் தாள்கள் எங்கே கட்டிக் கிடக்கின்றனவோ.

நான்கு நாள் பரீட்சை விண்ணப்பத் தாளைத் தொடவில்லை. கடைசித் தேதிக்கு ஒரு வாரம் இருந்தது. இன்னும் எத்தனை முதல் வரி எனக்குள் இப்படித் தப்பாகக் கிடக்கிறதோ, அதை எல்லாம் ஒருவன் தனியாக எப்படிக் கண்டுபிடிப்பான் என்ற பயம். துணி முனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஐந்தாம் நாள் மறுமுனையிலிருந்து குரல் வந்தது.

"என்னுங்க, டின்னு வெசனம் இன்னும் தீரலியா?"

"நீங்க சொன்னது செரிங்க" என்றேன்.

"நான் என்ன சொன்னேன்?"

"டின்ன மடிச்சு அளந்துட்டேன்."

"அட! நெசமாவேங்களா?" என்றார். பிறகு சிரிப்பை அடக்கமாட்டாமல் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பன்னிரண்டடி மேஜையின் இரண்டு முனையிலும் இரண்டு பேர் சிரித்ததை மேஸ்திரி அதிசயமாகப் பார்த்துவிட்டுப் போனார்.

அன்றைக்கே விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து ராயபுரம் தபால் ஆபீசில் போட்டேன். பிறகு அவரிடம் கேட்டேன்.

"நான் ஒரு கணக்கப் படிப்பனுங்க. நீங்க போட வேண்டாம். அதுல என்ன நடக்குதுன்னு மட்டும் சொல்லோணும்."

"எனக்கு வாய்ப்பாடே பாதிதானுங்க வரும்."

"வாய்ப்பாடு வேண்டாம். கண்ணு போதும்."

"செரி, பாக்கலாமுங்க" என்றார். "டீக்குப் போகாம இருந்தாப் பாக்கலாம்."

போய்விடலாம். டீக்கடையில் அவருக்குக் கூட்டாளிகள் உண்டு. போனால் நான் குறை சொல்ல முடியாது. இருந்தாலும் நாளைக்குக் காலை பத்து மணிக்குக் கரண்ட் போனதும் எதைப் படிப்பது என்று தேர்ந்துவைத்துவிட்டேன். 150 மீட்டர் நீளமுள்ள ரயில், 350 மீட்டர் நீளப் பாலத்தை மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் கடக்கிறது. எவ்வளவு நேரம் ஆகும்? நான் போட்டு டிக் செய்த கணக்குதான். ஆனால் நோட்டைக் காட்டமாட்டேன். அவர் தினமும் ரயில்வே கேட்டில் சைக்கிளைச் சாய்த்துக்கொண்டு நிற்கிறவர். ரயிலின் எந்த முனை எதைத் தாண்டினால் அது கடந்துவிட்டது என்பார் என்று முதலில் அவரைக் கேட்பேன். அவர் சொல்லி முடிக்கிறவரை சாக்பீஸைக் கையில் எடுப்பதில்லை.